வாட்ஸ்அப்பில் வரும் தோடி

இசைத்துறை உள்ள பல கல்லூரிகளின் நூலகத்தில் இசை பற்றிய புத்தகம் இருக்கிறது, ஸ்வரக்குறிப்பு இருக்கிறது. பாட்டுதான் இல்லை. கேட்க வேண்டியதெல்லாம் வகுப்புக் குழுவில் ஆசிரியர் போடும் யூடியூப் லிங்க்தான். அது போதாதா என்கிறார்கள். போதாது.

நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம், நாகஸ்வரம் படிக்கிற பிள்ளை கேட்டே ஆக வேண்டிய இசைத்தட்டு. லிங்கில் தவில் யார் என்று இருக்காது, எந்த வருடத் தட்டு என்றும் இருக்காது. சுருதியையும் நம்ப முடியாது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டை 83 சுற்றில் ஓட்டிப் பதிவு செய்திருந்தால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிற பிள்ளைக்கு இதை யார் சொல்வது? அந்தத் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம் என்பது தெரியாமல், ராகத்தை விரித்து வாசிக்கும் ஆலாபனையே அவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொள்ளவும் கூடும். நடுவில் சோப்பு விளம்பரம் வேறு.

காப்புரிமைச் சிக்கல் என்று கையை விரிப்பவர்கள் சட்டத்தைக் கொஞ்சம் புரட்டலாம். இந்தியாவில் ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடம். ஆக, 1964 முடிய வெளிவந்த தட்டுகளுக்கு 2025 பிறந்தபோதே முடிந்துவிட்டது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனிக்கணக்கு. பாபநாசம் சிவன் 1973இல் காலமானார், அவர் பாடல்களுக்கு 2033 வரை உரிமை உண்டு. தியாகராஜர் கிருதிக்கும் ராக ஆலாபனைக்கும் அந்தத் தொல்லையும் இல்லை.

புதுப் பதிவுகள்தான் நிஜமான தலைவலி. சிடி காலத்தில் நூலகம் வாங்கி, எண் போட்டு, இரவல் கொடுத்தது. இப்போது பல ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே வருகின்றன, அந்தச் சந்தாவோ தனிநபர் கேட்பதற்கானது. மேலை இசைக்கு நாக்சோஸ் போன்ற இசைக் கம்பெனிகள் நூலகங்களுக்கென்றே சந்தா வைத்திருக்கின்றன, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கேட்கலாம் என்ற கணக்கில். கர்நாடக இசைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கல்லூரிகள் சேர்ந்து போய்க் கேட்டால்தானே கம்பெனிகள் யோசிக்கும்?

சென்னையில் மியூசிக் அகாடமியின் டேக் (TAG) ஒலிப்பதிவுக் காப்பகத்தில் உட்கார்ந்து கேட்கலாம், நல்ல ஏற்பாடு. தஞ்சாவூர்ப் பிள்ளை அதற்காக பஸ் ஏற முடியுமா? கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வருகிறது என்றால் புத்தகம் வாங்கிக் கணக்கைக் கூட்டத் தெரிகிறது. அந்தப் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி ஒரு கணினி, நாலு ஹெட்போன், ராகம், பக்கவாத்தியம், வருடம், சுருதி எல்லாம் எழுதிய ஒரு பட்டியல் போடுங்கள். முதல் வருடத்துக்கு உரிமை முடிந்த தட்டுகளே போதும்.