துக்கத்தில் இருக்கும் துப்பறிவாளருக்கு மட்டும் எதுவுமே தப்புவதில்லை

நேற்று ராத்திரி ஆரம்பித்த தொடரிலும் அதே ஆள்தான். மனைவியோ குழந்தையோ இறந்து சில மாதம் ஆகியிருக்கும். தாடி, கழுவாத பாத்திரம், பாதி காலியான பாட்டில். போன் அடிக்கும். "நீங்க வந்தாத்தான் சார் முடியும்." அடுத்த காட்சியில் மழையில் நனைந்துகொண்டே பிணத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருப்பார். பத்துப் பேர் சல்லடை போட்டுச் சலித்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் இவர் கண்ணில் மட்டும் படும். ஆள் மாறலாம், நாடு மாறலாம், அந்தப் பொத்தான் மட்டும் கிடைக்காமல் போகாது. சரியாக அப்போது ஒரு பிளாஷ்பேக் வரும். வெயிலில் சிரித்துக்கொண்டே ஓடும் மனைவி. நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

கொலைக் கதை என்றால் எனக்கு உயிர். அதனால்தான் இவ்வளவு எரிச்சல். துக்கம் என்பது மனிதனைச் சாணை பிடித்துக் கூர்மையாக்கும் ஏதோ ஒன்று என்று இந்தக் கதைகள் நம்ப வைக்கின்றன. இழப்பைக் கண்டவனுக்குக் கொலைகாரனின் மனசு புரியுமாம். எனக்குப் பக்கத்து மேசைக்காரரின் பெயரே புரியவில்லை.

அம்மா போய் 10 நாளில் வேலைக்குத் திரும்பினேன். கணக்கு வேலை. ஒரே மின்னஞ்சலை ஒரே ஆளுக்கு மூன்று முறை அனுப்பினேன். கடவுச்சொல் மறந்து கணினி என்னை வெளியே தள்ளியது. நானே கூட்டி, நானே சரிபார்த்து, டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரிசை முழுக்கத் தப்பு. கூட வேலை செய்தவர் யாரிடமும் சொல்லாமல் திருத்தி வைத்திருந்தார். அழுகை வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அது வரவில்லை. மண்டைக்குள் ஈரத்துணி அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

கொலை விசாரணை என்பது பொத்தானைக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை. ஆள் நடமாட்டமே இல்லாத தெருவின் சிசிடிவியை மணிக்கணக்கில் பார்ப்பது. போன் அழைப்புப் பட்டியலை வரி வரியாக ஒப்பிடுவது. முதல் வாக்குமூலத்தில் ஒன்பது மணி என்றவர் இரண்டாவதில் ஒன்பதரை என்கிறாரே என்று கவனிப்பது. ஒரு தடயப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்த நேரத்தில் போனது என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் பதிவு செய்வது. நடுவில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். துக்கத்தில் இருப்பவனுக்கு எது முடியாதோ அதுதான் இங்கே முழுநேர வேலை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதலில் சந்தேகப்பட்டவன் மேலேயே மனசு ஒட்டிக்கொண்டு, அதற்கு எதிரான சாட்சியம் கண்ணில் படாமல் போவது நிதானமாக இருக்கும் போலீஸ்காரருக்கே நடக்கிறது. சொந்தக் கதையின் வில்லனைத் தேடிக்கொண்டு வருகிறவருக்குக் கேட்கவே வேண்டாம்.

துக்கத்தில் இருப்பவனைத் துப்பறியக் கூப்பிடும் இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1903இல் வெளிவந்த ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் வாட்சனுக்கு ஒரு துயர இழப்பு நேர்ந்திருக்கும். மனைவி இறந்ததைத்தான் சொல்கிறார் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஹோம்ஸ் சொல்லும் ஆறுதல் ஒரே வரி: துயரத்துக்கு வேலைதான் மருந்து. அதே மூச்சில் இன்று ராத்திரி ஒரு வேலை இருக்கிறது என்று கூப்பிடுகிறார். அந்தம்மாவின் பெயர்கூட அங்கே வராது.

வேலை மருந்து என்பது முழுப் பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் எங்கே திரும்பினாலும் அம்மாவின் மூக்குக்கண்ணாடி. அலுவலகத்தில் அது இல்லை. ஆனால் மருந்து எனக்கு, பக்கவிளைவு அந்தக் கணக்குத்தாளுக்கு. என் விஷயத்தில் அது ஒரு தொகை, திருத்திவிட்டார்கள். துப்பறிவாளரின் விஷயத்தில் அது ஒருத்தனின் ஆயுள் தண்டனை. தாடியைக் காட்டும் எந்தத் தொடரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

மனநல ஆலோசகர் வரும் காட்சியும் உண்டு. "நீங்க இன்னும் கோப நிலையில இருக்கீங்க" என்பார். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் இந்த ஐந்தையும் எழுதியது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பறிகொடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு அதை ஏணிப்படி மாதிரி சாத்தி வைத்தது பிறகுதான். எனக்குப் பொருந்தியது ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் சொன்னது. துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் நடுவே ஊசல் மாதிரி போய்ப்போய் வருகிறார், ஒரே நாளில்கூடப் பலமுறை. அந்த முதல் வாரத்தில் மதியச் சாப்பாட்டில் யாரோ சொன்ன மட்டமான ஜோக்குக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த நிமிஷம் கழிவறையில் போய் நின்றேன். தொடர்களில் வரும் துப்பறிவாளருக்குச் சிரிக்க அனுமதியே இல்லை. சிரித்தால் துக்கம் பொய்யாகிவிடும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குப் பார்க்க ஆசை வேறொரு காட்சி. கொலையான பையனின் வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டும். பல நாடுகளில் போலீசுக்கு இதற்கென்று பயிற்சியே உண்டு: போனில் சொல்லாதே, நேரில் போ, தனியாகப் போகாதே, சுற்றி வளைக்காதே, 'இறந்துவிட்டார்' என்ற சொல்லையே சொல். நம் துப்பறிவாளருக்கு இது மனப்பாடம். இருபது வருஷமாக எத்தனையோ வாசலில் சொன்னதுதான். ஆனால் சில மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்று அதே சொல்லைச் சொன்னார்கள். அவர்கள் பேசப் பேச, பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை வரிசை மாறாமல் சொல்கிறார்கள் என்பதை அவரால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது இந்த வாசல். அந்தப் பையனின் அம்மா கதவைத் திறக்கிறாள். இவர் வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. கூட வந்த, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் சொல்லிவிடுகிறாள். பையன் கடைசியாக எப்போது போன் பண்ணினான், யார் பெயரையாவது சொன்னானா என்று எல்லாக் கேள்வியையும் அவளே கேட்கிறாள். இவர் குறிப்பு எடுக்கிறார். காரில் ஏறியதும் அவள் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, "சார், தேதி தப்பா இருக்கு" என்கிறாள். திருத்துகிறாள்.

பிளாஷ்பேக் வேண்டாம். அந்தத் தப்புத் தேதி எந்தத் தேதி என்று காட்டினால் போதும். நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டேன்.