ஊட்டியின் கதை 1819-ல் தொடங்கவில்லை

கோடை சீசன் வந்தாலே ஊட்டியைப் பற்றிய பதிவுகள் குவிகின்றன. பெரும்பாலும் எல்லாமே ஒரே கதைதான்: ஆளில்லாத மலை, ஜான் சல்லிவன் வந்தார், ஊர் பிறந்தது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது. இந்தக் கதையை நம்பியதால்தான் அந்த மலையை இவ்வளவு கெடுத்து வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

சல்லிவன் மீது எனக்கு மரியாதை உண்டு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர், 1819-ல் மலையேறினார். அவர் கட்டிய கல் பங்களா இன்றும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கியவரும் அவர்தான். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்தை யாரும் எழுதுவதில்லை. இந்த நிலம் தோடர் பழங்குடியினருடையது, அவர்களுடைய உரிமையை மதிக்க வேண்டும் என்று தன் அரசாங்கத்தோடேயே வாதாடினார். அது எடுபடவில்லை.

அவர் வந்தபோது மலை காலியாக இல்லை. தோடர்கள் எருமை மேய்த்தார்கள். கோத்தர்கள் இரும்பு அடித்தார்கள், பானை வனைந்தார்கள். படகர்கள் பயிர் செய்தார்கள். குறும்பர்கள் காட்டுப்பொருள் கொண்டுவந்தார்கள். நால்வருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது. தாவரவியல் பூங்காவைப் பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் மேலே ஏறினால் இன்றும் ஒரு தோடர் மந்து, அதாவது அவர்களுடைய குடியிருப்பு, இருக்கிறது. பூங்கா தொடங்கியது 1848-ல். அதற்கு முன்னாலும் அந்தச் சரிவில் வாழ்ந்தவர்கள் உண்டு.

இப்போது நிலத்துக்கு வருவோம். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், பக்கத்தில் தொட்டபெட்டா 2,637. இந்த உயரத்தில் மடிப்புகளில் சோலைக்காடு, திறந்த சரிவெல்லாம் புல்வெளி, தாழ்வான இடங்களில் சதுப்பு. மழைத்தண்ணீரைப் புல்லின் வேரும் சதுப்பு மண்ணும் பிடித்துவைத்து, மழை நின்ற பிறகும் மெதுவாக ஓடைக்கு விடுகின்றன. அந்த ஓடைகள்தான் மாயாறும் பவானியும் ஆகி, காவிரி வரைக்கும் போகின்றன. ஈரோட்டு வயலுக்கும் இந்தப் புல்லுக்கும் சம்பந்தம் உண்டு.

அந்தப் புல்வெளியைத்தான் பயனில்லாத நிலம் என்று முடிவு கட்டினார்கள். வெள்ளைக்காரன் விறகுக்காகக் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டான். சரி, அவன் போன பிறகு? தோல் பதனிடச் சீகை மரம் (வாட்டில்), ரேயான் ஆலைக்குக் கற்பூர மரம் என்று நம் அரசும் மலை மலையாக நட்டது. சீகை தானாகவே பரவும், ஒரு சரிவைப் பிடித்தால் புல் முளைக்காது. பயணிகள் அதைப் பார்த்து "என்ன பச்சை!" என்று வியக்கிறார்கள். சரிவுகளில் மிச்சமிருந்த புல்வெளியில் பெரும்பகுதியைத் தேயிலையும் காய்கறித் தோட்டமும் எடுத்துக்கொண்டன.

ஊருக்குள்ளும் இதே நிலைமைதான். பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஏரி. மிஞ்சிய ஏரியில் கோடப்பமந்து கால்வாய் ஊரின் கழிவைக் கொண்டுவந்து சேர்க்கிறது. மழையோ சும்மா இருப்பதில்லை. 2009 நவம்பரில் மண்சரிவு எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது! 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது.

2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. நல்லதுதான், நான் ஆதரிக்கிறேன். ஆனால் வண்டியை எண்ணினால் மட்டும் ஓடையில் தண்ணீர் வராது. அந்நிய மரங்களை அகற்றும் வேலை தொடர்ந்து நடக்க வேண்டும். வெட்டிவிட்டு அப்படியே விட்டால் சீகை விதை மறுபடி முளைக்கும், அதனால் வருடா வருடம் நாற்றைப் பிடுங்கி, மலைப்புல்லை நட்டு வளர்க்க வேண்டும். பொறுமையான கைவேலை இது. கோயில் கூரை வேயத் தேவையான புல்லைத் தேடித் தோடர்கள் வெகுதூரம் அலைகிறார்கள். எந்தப் புல் எங்கே வளரும் என்று அவர்களுக்குத் தெரியும். சீரமைப்புத் திட்டம் போடும் குழுவில் அவர்களை உறுப்பினர்களாக உட்கார வைக்க வேண்டும், அந்த வேலைக்கு அவர்களுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். இதைத்தான் மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்க வேண்டும்.