நாற்காலியைச் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள்

ஒரு பூங்கா பாழாய்ப் போனால் நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது, சுற்றி வேலி போட்டுப் பூட்டுவதுதான். யாராவது படுத்துவிடுவார்கள் என்று பெஞ்சுக்கு நடுவே கம்பி. ஓடாதே, விளையாடாதே, புல்லில் உட்காராதே என்று வாசலிலேயே ஒரு பலகை. எனக்குக் கோபம்தான் வருகிறது. சாதாரண ஜனங்கள் வராமல் போவதால்தான் ஒரு இடம் கெடுகிறது. வேலி முதலில் விரட்டுவதே அவர்களைத்தான்.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்கிற இடமாகிவிட்டிருந்தது. ஜனங்கள் பொது இடங்களில் எப்படிப் புழங்குகிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்துவந்த வில்லியம் வைட் அதை ஆராய்ந்தார். வேலியும் புதரும் உள்ளே நடப்பதைத் தெருவிலிருந்து மறைக்கின்றன, வாசல்களும் போதாது, திறந்துவிடுங்கள் என்றார். 1988-ல் மூடிச் சீரமைத்து 1992-ல் திறந்தார்கள். புதர்கள் போயின, வாசல்கள் கூடின, எதிலும் கட்டிவைக்காத நாற்காலிகள் வந்தன. திருட்டுப் போகும் என்றுதானே நமக்குத் தோன்றும்? இன்றும் அவை அங்கே இருக்கின்றன.

வைட் கவனித்த ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். உட்காரும் முன் ஆட்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துவார்களாம், சிலர் நகர்த்திவிட்டுப் பழைய இடத்திலேயே போட்டு உட்காருவார்களாம். முன்பின் தெரியாதவர் பக்கத்தில் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை அவரவரே முடிவு செய்கிறார்கள். தரையில் பதித்த பெஞ்சில் இது நடக்காது.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த கடும் வெயிலில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை உண்டு, தனியாக வாழும் முதியவர்களும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் வடக்கு லான்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கு லான்டேலில் 4 பேர். தெற்கில் கடைகளும் ஆள் நடமாட்டமும் இருந்ததால் முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். வடக்கில் காலி மனைகளும் மூடிய கடைகளும்தான், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள். பெயர் தெரியாவிட்டாலும் முகம் பழகியிருந்தால்தானே, "அந்தப் பெரியவரை ரெண்டு நாளாக் காணோமே" என்று யாருக்காவது தோன்றும்?

திறந்துவிட்டால் குப்பையும் சத்தமும் வரும்தான். அதற்குத் தினமும் ஒரு பராமரிப்பாளர் வேண்டும். சீரமைப்பு என்று கருத்துக் கேட்க வந்தால் அலங்கார வளைவும் செயற்கை நீரூற்றும் அப்புறம் என்று சொல்லுங்கள். முதலில் நிழல், விளக்கு, உட்கார இடம், சுத்தமான கழிப்பறை. கழிப்பறை இல்லாத பூங்காவில் கைக்குழந்தைக்காரியும் சர்க்கரை நோயுள்ள பெரியவரும் அரை மணி நேரம்கூட இருக்க முடியாது.