பிரவுசருக்கு எழுத விண்டோஸ்தான் வேண்டுமா?

நாங்கள் எழுதும் மென்பொருள் முழுக்க முழுக்க பிரவுசரில் ஓடுகிறது. அதை எழுதுவதற்கு வாங்கிய கருவியோ விண்டோஸ் கணினியில் மட்டும்தான் வேலை செய்கிறது. அலுவலகத்தில் பாதிப் பேரிடம் இருப்பது லினக்ஸ். “நிரல் அடிக்க எங்கள் எடிட்டரையே பயன்படுத்துங்கள்” என்பதுதான் விற்ற நிறுவனத்தின் ஒரே பதில். எரிச்சலாக வருகிறது.

வழி இல்லாமல் இல்லை. எந்த எடிட்டரும் ஒரு நிரல் மொழிக்கான உதவி நிரலுடன் பேசிக்கொள்வதற்கான பொது விதிமுறையாக, 2016-லேயே லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்துவிட்டது. பிழையைச் சுட்டுவது, பாதி அடித்த பெயரை நிரப்புவது, ஒரு ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுவது, இவை எல்லாவற்றையும் தனி நிரலாக எழுதிவிட்டால் போதும். எடிட்டர் அதனுடன் ஜேசன் என்ற எளிய எழுத்து வடிவச் செய்திகளில் பேசிக்கொள்ளும். விம், ஈமேக்ஸ், விஎஸ் கோட் என எந்த எடிட்டரில் உட்கார்ந்தாலும் அதே வசதி கிடைக்கும். அதிகம் பேர் அறியாத நிரல் மொழிகளுக்குக்கூட தன்னார்வலர்கள் இதை இலவசமாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள். வருடா வருடம் சந்தா வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஏன் கை வரவில்லை?

இதைவிடக் கொடுமை, பிழைச் செய்தி. ‘வரி 1, இடம் 48213’ என்று வருகிறது. மொத்த நிரலையும் சுருக்கி ஒரே வரியாக்கிவிட்டால் வேறெப்படி வரும்? மூல வரியைக் காட்டும் சோர்ஸ் மேப் கோப்பை இந்தக் கருவி உருவாக்குவதே இல்லை. இன்றைய பிரவுசர்கள் எல்லாமே அதைப் படிக்கும், கொடுக்கத்தான் ஆளில்லை. எழுத்துப் பிழையாகிப்போன ஒரே ஒரு மாறியைத் தேடி நேற்று மாலை முழுவதும் போயிற்று.

இந்த இரண்டும் வரும் என்று எழுத்தில் உறுதி தராமல் அடுத்த சந்தாவைக் கட்டக் கூடாது என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.