நிலா மறந்துட்டு, பாட்டா கை மறக்கல
போட்டோ எடுத்தா அந்தக் காட்சியே மனசுல நிக்காதுன்னு உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கலோட 2014 ஆய்வ வச்சு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, சரி, ஆனா மியூசியத்துல ஒரு பொருளோட ஒரு பகுதிய மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அந்த மறதி வரலன்னும் அதே ஆய்வுல இருக்கே, அத ஏன் விட்டீங்க? எனக்கு நாகர்கோவில் பக்கம். சித்ரா பௌர்ணமிக்கு கன்னியாகுமரில இந்தப் பக்கம் சூரியன் இறங்க அந்தப் பக்கம் நிலா ஏறும்லா, ஒரு தடவ பாட்டாவ, அதான் எங்க தாத்தாவ, கூட்டிட்டு போனேன். நிலாவ நாப்பது படமாவது எடுத்திருப்பேன், எல்லாத்துலயும் வெள்ளப் புள்ளிதான், போதாததுக்கு முன்னால நின்னவரு செல்ஃபி ஸ்டிக்கு வேற, நிலா எப்படி இருந்துச்சுன்னு இப்ப கேட்டா சொல்லத் தெரியாது. ஆனா பாட்டா நடுங்குற வெரலால சுண்டல் பொட்டலத்த பிரிச்சத கிட்டக்க போயி ஒண்ணே ஒண்ணு எடுத்தேன், லூசான மோதிரத்துல சுத்தியிருந்த நூலு, நகத்துல ஒட்டுன வெத்தல சுண்ணாம்பு, "லே மக்கா, கடலப் பாருலே, என் கையில என்னத்த இருக்கு"ன்னு ஏசுனது வரைக்கும் அப்படியே இருக்கு. மேல கமெண்ட்ல ஒருத்தர் செல்போன வீட்டுலயே வச்சிட்டு போகச் சொல்லியிருக்காரு, அண்ணே, அப்படிப் போயிருந்தா இந்த ஒரு படம் ஏது? அந்த நாப்பது நிலாவையும் போன மாசம் அழிச்சிட்டேன், போன்ல எடம் இல்ல.