'டிஸார்ம்' என்ற சொல்லுக்கும் கைக்கும் தொடர்பு உண்டா?

ஆயுதத்தைப் பறித்தலைக் குறிக்கும் 'டிஸார்ம்' என்ற ஆங்கில வினைச்சொல், பழங்காலத்தில் எதிரியின் கையை வெட்டி எறிந்த வழக்கத்திலிருந்து பிறந்தது என்று ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

ஆங்கிலத்தில் 'ஆர்ம்' என்ற ஒரே வடிவில் இரண்டு சொற்கள் உள்ளன. கையைக் குறிப்பது பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய ஜெர்மானியச் சொல். ஆயுதத்தைக் குறிப்பதோ 'ஆர்மா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஆயுதம் தரித்தலைக் குறித்த பிரெஞ்சு வினையோடு நீக்கற்பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து உருவான 'தெஸார்மே' என்ற சொல்லே, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்து 'டிஸார்ம்' ஆயிற்று. இரண்டு 'ஆர்ம்'களும் 'பொருத்துதல்' என்ற பொருளுடைய தொல் இந்தோ-ஐரோப்பிய (இலத்தீன், ஜெர்மானிய மொழிகளுக்கெல்லாம் மூலமான பழைய மொழியின்) வேர் ஒன்றில் சேர்வதாக மொழியியலாளர் கருதுவது உண்மையே. ஆனால் அந்தத் தொலைதூர உறவு, கை வெட்டிய கதைக்குச் சான்றாகாது.

ஆயுதங்களைப் பறித்தல், ஒரு நாடு தன் படைக்கலங்களைக் குறைத்தல், வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்தல், எச்சரிக்கை மணிக் கருவியை நிறுத்துதல் ஆகிய அனைத்தையும் இச்சொல் குறிக்கும். 1932இல் ஜெனீவாவில் கூடிய உலக மாநாடு பேசியது இரண்டாவது பொருளையே. கனிவான சொல்லோ புன்னகையோ ஒருவரின் சினத்தைத் தணிப்பதையும் இதே சொல்லால் குறிப்பர். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான். 'அலாரம்' என்ற சொல்லும் 'ஆயுதம் ஏந்துங்கள்' என்ற இத்தாலியப் போர்க்குரலிலிருந்து வந்ததால், அந்தக் கருவியை 'டிஸார்ம்' செய்கையில் ஒரே இலத்தீன் சொல்லின் இரு வழித்தோன்றல்கள் சந்திக்கின்றன.