உயரம் இருந்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை நம் ஊட்டியில் நடந்த விளையாட்டுப் பரிசளிப்பில் சிறப்பு விருந்தினர் பேசிய வீடியோ உங்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். மெக்சிகோ சிட்டியும் ஊட்டியும் ஒரே உயரமாம். அங்கே நீளம் தாண்டுதலில் உலக சாதனை, இங்கே பிள்ளைகள் சோம்பேறிகளாம். வரிசையில் நின்று அதைக் கேட்ட பிள்ளைகளின் முகம் இரண்டு நாளாக என் கண்ணை விட்டுப் போகவில்லை.

உயரக் கணக்கு சரிதான். இரண்டுமே ஏறக்குறைய 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் பாப் பீமன் மெக்சிகோ சிட்டியில் 8.90 மீட்டர் தாண்டினார், பழைய சாதனையைவிட 55 சென்டிமீட்டர் அதிகம். அந்த உயரத்தின் மெல்லிய காற்று உதவியது. பின்காற்றும் விதி அனுமதிக்கும் கடைசி அளவான நொடிக்கு 2.0 மீட்டரில் இருந்தது. ஆனால் அன்று வெள்ளி வாங்கியவர் தாண்டியது 8.19. அவருக்கும் அதே உயரம்தானே?

பீமனின் சாதனை உடைந்தது எந்த மலையிலும் இல்லை, கடலோர டோக்கியோவில். 1991-ல் மைக் பவல், 8.95. பின்காற்று வெறும் 0.3. இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை. அன்று எதிரே நின்றவர் கார்ல் லூயிஸ். பத்து வருடமாக, 65 போட்டிகளாக நீளம் தாண்டுதலில் தோற்காதவர். அவர் 8.91 தாண்டினார், காற்று அதிகம் என்பதால் சாதனைக் கணக்கில் வராது. அடுத்த சுற்றிலேயே பவல் 8.95. அதற்குப் பிறகும் லூயிஸ் விடவில்லை, 8.87, 8.84. அப்படித் துரத்த ஓர் ஆள் வேண்டும். முழு வேகத்தில் வந்து தாவும் இடத்தில் இருக்கும் 20 சென்டிமீட்டர் பலகையில் கால் பிசகாமல் விழ வேண்டும். காற்றும் ஒத்துழைக்க வேண்டும். எல்லாம் ஒரே தாவலில் கூடியதால்தான் அந்தச் சாதனை இத்தனை வருடம் நிற்கிறது. உயரத்தால் இல்லை.

"பீமன் மலையில்தானே தாண்டினார்" என்று மறுபடியும் கேட்பீர்கள். மெக்சிகோ சிட்டி உயரத்தில் இருக்கிற சமவெளி ஐயா! நம் ஊர் சரிவு. தாண்டுகிறவருக்குத் தாவலைக் கொடுப்பது ஓடிவரும் வேகம், அந்த வேகத்துக்கு நேரான, சமமான தரை வேண்டும்.

எங்கள் பள்ளியில் நான் சத்துணவுக்கூடத்துக்குப் பின்னாலிருந்து ஓடி வருவேன். நடுவில் ஒரு வளைவு. குழி மணல் மழையில் இறுகிக் கல்லாகக் கிடக்கும், பி.டி. மாஸ்டர் காலையில் கடப்பாரையால் குத்தி இளக்குவார். கோயம்புத்தூரில் முதல் போட்டிக்குப் போனபோதுதான் நேரான ரன்வேயையே பார்த்தேன். வளைந்து ஓடிப் பழகிய கால், ஸ்டெப் எதுவும் பொருந்தவில்லை. மூன்று தாவலும் பவுல். பஸ்ஸில் திரும்பும்போது பர்லியார் வரை அழுதேன். அதுவும் சோம்பேறித்தனமா?

பிள்ளைகள் சாதிக்காததற்குச் செல்போன்தான் காரணம் என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. "ஜெஸ்வின் ஆல்ட்ரின் தமிழ்நாட்டுப் பையன்தானே, 2023-ல் 8.42 தாண்டி தேசிய சாதனை வைக்கவில்லையா?" என்று கேட்டவருக்கு மட்டும் சொல்கிறேன். வைத்தார், எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். உயரத்துக்கும் சாதனைக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள்தான் அதை விளக்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலம் நானும், அன்று வரிசையில் முதலில் நின்ற பெண்ணும் டேப் எடுத்துக்கொண்டு தாண்டும் குழிக்குப் போனோம். ரன்வே குறைந்தது 40 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது விதி. குழியிலிருந்து அளந்துகொண்டே போனோம். 27-ல் சுவர் வந்துவிட்டது.